அதுக்கு மேலே யாரு?

வாட்ஸப்பில் ஒரு செய்தி வருஷத்துக்கு நாலு தடவையாவது சுற்றி வரும். நாம் முதல் தலைமுறை, தாய் தந்தை இரண்டு, பாட்டன் பாட்டி மூன்று, பூட்டன் பூட்டி நான்கு, ஓட்டன் ஓட்டி ஐந்து, சேயோன் சேயோள் ஆறு, பரன் பரை ஏழு. இந்தப் பரனும் பரையும் சேர்ந்ததுதான் பரம்பரை. வேறெந்த மொழியில் இப்படி உண்டு, பகிருங்கள் என்று முடியும். மும்பைத் தமிழர் குழுக்களில் உடனே கைதட்டல் படங்கள் குவியும். பரம்பரை என்பது வடமொழிச் சொல், அப்படிப் பிறந்ததில்லை என்று நான் ஒருமுறை எழுதப்போய் இரண்டு நாள் திட்டு வாங்கினேன். அது போகட்டும். ஏழு தலைமுறைக்கும் சொல் வைத்திருக்கிற நாம், அந்தச் சொற்களுக்கு நேரே ஆளின் பெயரை எழுதச் சொன்னால் எத்தனையாவது வரியில் பேனாவை வைப்போம்?

நான் மூன்றாவது வரியில் வைத்தேன். அதிலும் பாட்டியின் பெயரை அத்தையிடம் கேட்டுத்தான் எழுதினேன். அதுவரை அவள் எனக்கு வெறும் ஆச்சி.

கேட்க வைத்தவன் என் தங்கை மகன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் வேலை பார்க்கிறான். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறாராம். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே நிலம் உழுத தன் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு கோப்பே வைத்திருக்கிறார். 1850 முதல் அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. எடுத்த கணக்கை 72 ஆண்டு பூட்டி வைத்துப் பிறகு எல்லாருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் திறந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் வாங்கியவனின் நிலக் கோப்பு, உள்நாட்டுப் போரில் செத்தவனின் விதவை பென்ஷனுக்குக் கொடுத்த வாக்குமூலம், கப்பல் பட்டியல் எல்லாம் கிடைக்கும். அந்த அம்மாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காட்டிவிட்டு, "உன்னுடையவர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "மாமா, உங்க பூட்டன் பேரு என்ன? எந்த வருஷம் பம்பாய்க்கு வந்தாரு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தார். தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்தார். அவ்வளவுதான். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எல்லாருக்கும் தெரியுமே மாமா" என்றான்.

எல்லாருக்கும் தெரிந்தது இதுதான். தாராவி என்பது மித்தி ஆற்றின் சதுப்பு ஓரத்தில் கோலி மீனவர்கள் இருந்த இடம். ஆடுமாடு வெட்டும் கூடம் பாந்திராவில் இருந்தது. தோல் பக்கத்திலேயே கிடைக்கும். பதனிடும் நாற்றமோ நகரத்துக்கு வெளியே கிடக்கும். 1887இல் முதல் தோல் பதனிடும் கூடம் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். நெல்லைச் சீமையின் தமிழ் முஸ்லிம்கள் முதலாளிகளாக வந்தார்கள். அதே சீமையின் ஆதிதிராவிடர்கள் வேலையாட்களாக வந்தார்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் ஊரை வழித்துத் துடைத்திருந்தது. அதே 1876இல் நெல்லைக்கு ரயிலும் வந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் ஒன்று சேர்ந்துவிட்டன. பசித்தவனுக்கு வழி திறந்திருந்தது. சீட்டு கொடுத்தவன் காசைத்தான் எண்ணினான், பெயரைக் கேட்கவில்லை.

அதே காலத்தில் அதே சீமைகளிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் பேரேட்டில் ஏறின. மொரீஷியஸில் புகைப்படமே எடுத்தார்கள். மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள், பூட்டன் பிறந்த ஊரைத் தேடி நம் கிராமங்களில் வந்து நிற்கிறார்கள். அன்பினால் எழுதிய பேரேடு அல்ல அது. கூலி தப்பி ஓடினால் பிடிக்க அடையாளம் வேண்டியிருந்தது, அதனால் எழுதினார்கள். தாராவித் தோல் ஷாப்புக்காரருக்கு அந்தத் தேவை இல்லை. ஒருவன் போனால் இன்னொருவன் வாசலில் நிற்பான்.

ஆகவே கட்டுண்டு போனவனுக்குப் பதிவு இருக்கிறது, தன் காலில் வந்தவனுக்கு இல்லை. அமெரிக்காவில் இந்தக் கோணல் தலைகீழாக உண்டு. 1850 கணக்கில் கறுப்பின அடிமைக்குப் பெயர் கிடையாது. எஜமானன் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இப்படித்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடினால் 1870இல் போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். நம்மூர்க் கணக்கெடுப்பிலோ கூட்டிப் பெருக்கித் தொகை எடுத்ததும் ஆள்வாரிச் சீட்டுகளின் வேலை முடிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வீட்டுக்காரர் கொடுத்த விவரத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாதென்று கதவையும் சாத்திவிட்டது.

இங்கேதான் நாம் வழக்கமாக நிறுத்திக்கொள்வோம். வெள்ளைக்காரன் எழுதவில்லை, சர்க்கார் வைத்திருக்கவில்லை, ஏழைக்கு ஏது வரலாறு. சொல்லிக்கொள்ள வசதியான காரணம். பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில் நாம் இருக்கிறோம்.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டே சொல்வாள்: "கொள்ள சீக்கு வந்த வருசம் எங்க மாமனார அவங்க அப்பாரு தூக்கிட்டு ஊருக்கு ஓடியாந்துட்டாரு. ஒரு வருசம் கழிச்சுத்தான் திரும்பப் போனாவ." இதை நூறு முறை கேட்டிருப்பேன். ஒருமுறைகூட, எந்த சீக்கு ஆச்சி என்று கேட்டதில்லை. பம்பாயில் 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் தொடங்கியது. 1891இல் 8,21,764 பேர் இருந்த நகரம் 1901இல் 7,76,006 ஆகச் சுருங்கியது. செத்தவர்களும் ஓடியவர்களும் போக மிஞ்சியவர்கள். அந்தக் குறைந்த எண்ணிக்கையில் தோளில் பிள்ளையோடு ரயிலேறிய என் குடும்பத்து ஆளும் ஒருவராக இருக்கலாம். அல்லது ஆச்சி சொன்னது 1918இன் இன்ஃப்ளூயன்சாவாக இருக்கலாம். அப்படியானால் எல்லாக் கணக்கும் இருபது வருஷம் கீழே இறங்கும். தோளில் இருந்த பிள்ளை வேறு பிள்ளை, தூக்கியவர் வேறு ஆள். காய்ச்சலா, தொடை இடுக்கில் கட்டியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்கும். ஆச்சி செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. மகாராஷ்டிர அரசின் ஆவணக் காப்பகம் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கிறது, 1821 முதல் சேர்த்த தாள்களோடு. அங்கே பிளேக்கைப் பற்றிக் கட்டுக்கட்டாகக் கோப்புகள் உண்டு. அங்கே போய் நான் தேட வேண்டிய பெயரே எனக்குத் தெரியாது.

பெயர் எப்படித் தொலைந்தது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். நெல்லைச் சீமையில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை இட்டே தீருவார்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வந்துகொண்டிருந்தால், இரண்டு பெயரைத் தெரிந்துகொண்டு நூறு வருஷத்துக்கு மேலே ஏறிப் போகலாம். இதைவிட எளிய ஏணி எந்த நாட்டுக் காப்பகத்திலும் இல்லை. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அந்தப் பெயர் வைத்த பிள்ளையை அவள் அய்யா என்றும் ராசா என்றும் கூப்பிட்டாள். தெருவும் அப்படியே கூப்பிட்டது. இட்ட பெயர் பேருக்கு இருந்தது, அவ்வளவே. பிறகு மும்பை அலுவலகப் படிவங்கள் வந்தன. சர்நேம் என்ன என்று கேட்டன. நமக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரை அங்கே போட்டோம். ஒவ்வொரு தலைமுறையிலும் சர்நேம் மாறியது; தாத்தா பெயர் தாளிலிருந்தே நழுவியது. அதற்குப் பிறகு நாமாகவே ஏணியை எடுத்து ஒடித்தோம். என் பேரனுக்கு எண்கணிதம் பார்த்து, எழுத்துக் கூட்டி, இரண்டு அசையில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அழகான பெயர்தான். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் எங்கேயும் ஏற முடியாது.

ஊரில் தாள்கள் இருந்தன. நாம் அவற்றைத் தாள் என்று நினைக்கவில்லை. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. யார் யார், யார் மகன், எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு பாக்கி என்று நோட்டில் ஏறும். பம்பாயில் இருக்கிறவனுக்கும் வரி உண்டு; மணியார்டரில் போகும். அந்த நோட்டுகள்தான் நம் குடிக்கணக்கு. கல்யாண வீட்டு மொய் நோட்டும் அப்படியே: ஊர், பேர், தொகை. ஐம்பது வருஷத்து மொய் நோட்டு ஒன்று கையில் இருந்தால் சொந்தக்காரர் யார், எந்தெந்த ஊரில் கொடுக்கல் வாங்கல் என்று ஒரு வரைபடமே போடலாம். தாராவியிலிருந்து செம்பூருக்கு வீடு மாறியபோது எங்கள் வீட்டு மொய் நோட்டுகளை நானே பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் எடைக்குப் போட்டேன். கிலோ என்ன விலை என்று பேரம் பேசியதும் நினைவிருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னும் வசதி. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் போன்ற ஊர்த் திருச்சபைகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பதிவேடு எழுதுவது வழக்கம். தாராவியில் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஒருவராவது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஊர்ச் சபையின் அசன விருந்துக்கு மட்டும் போயிருக்கிறார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு நெல்லைக்காரன் தன் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். எந்த சாஸ்தா என்பது எந்த மரத்தின் கிளை என்று காட்டிக்கொடுக்கும். அந்தக் கோயிலில் கூடுகிறவன் எல்லாம் பங்காளி. குலசாமி தெரியாதவர்கள் காரையார் சொரிமுத்து அய்யனாரிடம் போய் நின்றால் போதும் என்று சொல்வார்கள். மறந்துபோனவர்களுக்கும் ஒரு சாமியை ஒதுக்கி வைத்த முன்னோர்களின் கருணை பெரிது. ஆனால் இப்போது மும்பையிலிருந்து போகிற வண்டிகளில் நேராக அங்கே போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

இதெல்லாம் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். சோம்பல் மட்டுமென்றால் இத்தனை வருத்தம் இல்லை. நாம் கேட்காததற்கு வேறொரு காரணம் இருந்தது. பதில் நமக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம்.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய தாத்தா இருந்தார். அப்பாவின் பெரியப்பா. அவர் கைவிரல் நகங்கள் முழுசாக இருக்காது; ஓரமெல்லாம் அரித்துப்போயிருக்கும். சின்ன வயதில் அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். சுண்ணாம்புக் குழி தின்ற நகங்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் எடுத்து, சதை வழித்து, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் போட்டுப் புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்த வேலை. அவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பா குரலை உயர்த்துவார்: "பிள்ளைங்க முன்னாடி அதெல்லாம் என்னத்துக்கு?" நான் கல்லூரிக்குப் போன பிறகு, தாத்தா என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் "லெதர் பிசினஸ்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். திண்டுக்கல் தோல் ஷாப்புகளை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோம். நான் அரைமணி நேரம் பேசினேன். தொழிலாளர் வலி, சாதியின் கொடுமை, எல்லாம் பேசினேன். என் வீட்டில் அந்த நகங்கள் இருந்தன என்று மட்டும் மேடையில் சொல்லவில்லை.

1971இல் வெட்டுக்கூடம் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது தாராவியில் தைப்பதும் விற்பதும்தான். பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறது. குழிகளின் மேலே வீடு வந்துவிட்டது. குழியைத் தூர்த்ததில் நமக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1966இல் சிவசேனை பிறந்து, லுங்கியைக் கழற்று, புங்கியை ஊது என்று தெருவில் கத்தியபோது இன்னொரு மௌனம் சேர்ந்தது. எங்கிருந்து வந்தோம் என்று பேசாமல் இருப்பதே பத்திரம் என்றாயிற்று. ஆனால் அதையே எத்தனை நாளைக்குச் சாக்காகச் சொல்ல முடியும்? அந்தத் தலைமுறை பயந்தது. எங்கள் தலைமுறைக்கு அந்தப் பயம் விட்டு நாற்பது வருஷம் ஆகிறது. நாங்கள் என்ன செய்தோம்? 1987இல் 'நாயகன்' வந்தது. அதற்குப் பிறகு தாராவித் தமிழர் வரலாறு என்று யார் கேட்டாலும் "நாயகன் பார்த்தீங்களா?" என்போம். வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, சாராயம் காய்ச்சி, மாதுங்காவில் கணபதி பந்தல் போட்ட, அந்தப் படத்துக்கு மூலமான ஒரு வரதராஜ முதலியார் நம் எல்லார் பூட்டனுக்கும் பதிலாள் ஆகிவிட்டார். ஊரே ஒருவரின் பேரனாகிவிட்டால் வேலை மிச்சம்.

மாதுங்கா, செம்பூர்க்காரர்கள் இதைப் படித்துத் தாராவிக் கதை என்று பக்கத்தைப் புரட்டக்கூடும். ஒரு நிமிஷம். பிளேக்குக்குப் பிறகு 1898இல் உண்டான நகர மேம்பாட்டு டிரஸ்ட் போட்ட தெருக்களில் வந்து குடியேறியவர்கள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக்காரர்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்த சபை என்று வருஷத்தோடு சொல்லத் தெரியும். பொன்விழா மலர்களில் தலைவர், செயலர் படங்கள் வரிசையாக இருக்கும். தர்ப்பணத்தில் தகப்பன் வழியிலும் தாய்மார் வரிசையிலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல். ஆனால் அந்த வரிசையில் ஒருவர் உள்ளே வந்தால் மேலே இருப்பவர் வெளியே போக வேண்டும். கோத்திரமும் பெயரும் இருக்கும். எந்த ஊர், எந்த வருஷம், எந்த மெஸ்ஸில் பாய் போட்டுப் படுத்தார் என்பது இருக்காது. என் நண்பர் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தா "ஹோட்டல் நடத்தினார்" என்றே ஐம்பது வருஷம் சொல்லிவந்தார். அவர் அங்கே மாவரைத்துச் சமைத்தவர் என்று போன வருஷம்தான் என்னிடம் சொன்னார். நகம் அரித்த தாத்தாவை நான் மறைத்ததும் அவர் ஆட்டுக்கல்லை மறைத்ததும் ஒரே காரியம்தான். மாதுங்கா ஸ்டேஷனிலிருந்து தாராவிக்கு நடந்தால் அரைமணி நேரம் ஆகாது. இரண்டு பக்கத்துத் தமிழர்களும் ஒருவர் கதையை ஒருவர் கேட்டதில்லை. கேட்கவேண்டிய இடத்தில் நம்மை நிறுத்தி வைத்தது என்னவென்று எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

செம்பூரில் நிலைமை இன்னும் அவசரம். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தபோது வேலைக்கு வந்தவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நியூஜெர்சியிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறார்கள். காரியம் முடிந்த மறுநாள் அலமாரி காலியாகிறது. எங்கள் கட்டடத்தின் வாசலில் ரத்திக்காரரின் தராசில் ஒரு முழு டிரங்குப் பெட்டிக் கடிதங்கள் ஏறியதைப் போன மழைக்காலத்தில் பார்த்தேன். மேலே இருந்த இன்லாண்டு லெட்டரில் "தேவரீர் அண்ணாவுக்கு" என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. நானும் லிஃப்டில் ஏறிப் போய்விட்டேன்.

பெண்களைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. அதிகாலையில் தாராவிச் சந்துகளில் இட்லி அவித்து நகரத்துக்கே அனுப்பியவர்கள், முறுக்குப் பிழிந்தவர்கள், ஆண் சீக்கில் விழுந்தபோது வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள். அவர்கள் பிறந்த ஊர் எது என்று எந்த நோட்டிலும் இல்லை. தலைக்கட்டு வரி அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் வாயில்தான் எல்லார் வரலாறும் இருந்தது. எழுத்தாளர் அம்பையும் தோழிகளும் 1988இல் இதே மும்பையில் ஸ்பாரோ என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். பெண்களின் குரலையும் படத்தையும் சேர்த்துவைப்பதுதான் அதன் வேலை. தமிழ் எழுத்தாளர் ஒருவர், நம் ஊரில், நம் கண்முன்னால் அந்தக் காரியத்தை எப்படிச் செய்வதென்று காட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் கதைகளைப் படித்தேன். ஒரு டேப் ரெக்கார்டரை ஆச்சி முன்னால் வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அதில் இளையராஜா ஓடிக்கொண்டிருந்தது. தாராவிக்குள் வந்து நம் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள், பத்திரிகையாளர் கல்பனா சர்மா போல. அவருடைய புத்தகம் 2000இல் வந்தது. அதைப் படித்துத்தான் என் தெருவைப் பற்றிச் சிலது தெரிந்துகொண்டேன்.

நாம் தாள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ், நாஃப்தலின் உருண்டையோடு பிளாஸ்டிக் உறையில், இன்றும் தாராவி வீடுகளில் இருக்கிறது. கரண்டு பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், எல்லாம் வருஷ வாரியாக. 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது கழுத்தளவு தண்ணீரில் தலைமேல் வைத்துக் காப்பாற்றிய பெட்டி அது. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் 1950 ஆகஸ்டு 10க்கு முன்னால் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அப்போது மட்டும் தாத்தாவைத் தேடுவோம். அவர் படித்த பள்ளியின் பழைய ஜெனரல் ரெஜிஸ்டரைப் புரட்டுவோம். அதில் அவருடைய அப்பா பெயர் இருக்கும்; முதல் தடவையாகப் பூட்டன் பெயரைப் பார்ப்போம். பார்த்துவிட்டு, தேதி சரியா என்றுதான் கவனிப்போம். என் தாத்தாவின் சான்றில் பிறந்த இடம் "மதராஸ்" என்று இருக்கிறது. அவர் சென்னையைக் கண்ணால் பார்த்ததில்லை. எழுதிய குமாஸ்தாவுக்கு ராய்ச்சூருக்குத் தெற்கே எல்லாம் ஓர் ஊர். அப்பா பெயர் இருந்த கட்டத்தில் ஈரம் ஏறி மை பரவியிருந்தது. முதல் எழுத்து சு. அடுத்தது தெரியவில்லை. சுப்பனா, சுடலையா, சுந்தரமா?

2024 மார்ச்சில் மறுகட்டமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து எல்லா வீட்டிலும் பெட்டி திறந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்தாயா, கீழ்த்தளமா மாடியா, இதுதான் பேச்சு. 350 சதுர அடிக்காக நடக்கும் இந்தத் தேடலில் ஒரு பத்தில் ஒரு பங்கு நம் பூட்டனுக்காக நடந்திருந்தால், ஊருக்கு ஒரு நோட்டாவது சேர்ந்திருக்கும். வீட்டைத் தேடுவது தப்பென்று நான் சொல்லவில்லை. வீடு போனால் பூட்டன் பெயரை எங்கே மாட்டி வைப்பது?

போன டிசம்பரில் ஊருக்குப் போனேன். கொடைக்கு அல்ல, நோட்டுக்காக. பழைய வரி நோட்டு ஒன்றே ஒன்று, கோயில் பெட்டியின் அடியில், செல்லரித்துக் கிடந்தது. தலைக்கட்டு வரிசையில் எல்லாருக்கும் பெயர் இருந்தது. எங்கள் வீட்டுக்கு நேரே "பம்பாயான் மகன், 2 ரூபாய்" என்று இருந்தது. இங்கே அவர் மதராஸி. அங்கே அவர் பம்பாயான்.

திரும்பி வந்ததும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வதென்று பேசினோம். இரண்டு பேர் செம்பூர், ஒருவர் மாதுங்கா, மூவர் தாராவி. எண்பது வயதைத் தாண்டியவர்களைப் போய்ப் பார்ப்பது, செல்போனில் பதிவு செய்வது. பெரிய திட்டமெல்லாம் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை தாராவி லேபர் கேம்ப்பில் எங்கள் ஊர்க்கார ஆச்சி ஒருத்தியிடம் போனோம். தொண்ணூறைத் தாண்டியிருக்கும். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. நான் போனை ஆன் செய்து மடியருகே வைத்துவிட்டு, எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகளை எடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "நீ யாரு மவன்யா?"

அப்பா பெயரைச் சொன்னேன்.

"சரி. அவன் யாரு மவன்?"

தாத்தா பெயரைச் சொன்னேன். அவள் கண்ணை மூடித் தலையை ஆட்டினாள், ஏதோ ஒரு தெருவில் வீடு வீடாக நடந்து போகிறவள் போல.

"அதுக்கு மேலே யாரு?"

பதிவில் இந்த இடத்தில் பதினோரு விநாடி ஒன்றும் கேட்காது. பிறகு அவள் குரல், மருமகளிடம்: "பிள்ளைக்குக் காப்பி போடு."